எழுபத்தொன்பது, ஐம்பத்தெட்டு, முந்நூறு

பூரணாங்குப்பத்தில் சிந்தாமணியைத் தெரியாதவர்கள்கூட இருக்கலாம், அவள் போனைத் தெரியாதவர்கள் கிடையாது. மீன் கூடையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு தவளக்குப்பம் தாண்டி பாகூர் வரைக்கும் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருகிறவள் அவள். வயது நாற்பத்து நாலு. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் போனைக் கையில் எடுத்துவிட்டாளென்றால், அடேயப்பா, கலெக்டர் ஆபீசே அவள் மடியில் இருப்பதுபோல ஒரு தோரணை வந்துவிடும்.

மைக்கை அமுக்கி, மீன் கூவுகிற அதே தொண்டையில் கேட்பாள். "கடலூர் ஆர்பர்ல இன்னிக்கி வஞ்சிரம் இன்னா வெல?" போன் ஏதோ ஒன்றைச் சொல்லும். அதுதான் அன்றைக்கு விலை. யாருக்காவது காலில் ஆணி, யார் வீட்டுப் பிள்ளைக்கோ பரீட்சை முடிவு, எவனோ வலையில் இழுத்து வந்த பேர் தெரியாத மீன், எல்லாம் அவளிடம்தான் வரும். முதலில் எது வந்து விழுகிறதோ அதுதான் அவளுக்குப் பதில். கீழே இன்னும் நூறு பதில் கிடந்தாலும் விரலால் தள்ளிப் பார்க்கமாட்டாள். அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

ஒருமுறை அதனால் மூக்கறுபட்டும் இருக்கிறாள். போன வருஷம் அடைமழையில், பாகூரில் மீன் விற்றுக்கொண்டே "இன்னிக்கி ஸ்கூல் லீவா?" என்று கேட்டாள். லீவுதான் என்றது போன். வாட்ஸப்பில் ஊருக்கே சொல்லிவிட்டாள். பாகூர் முனையில் நின்றால் பாதி நேரம் டவர் கடலூர்ப் பக்கத்துடையது, போனும் தன்னைத் தமிழ்நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். லீவு விட்டது கடலூர் மாவட்டத்துக்கு. பூரணாங்குப்பம் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே பள்ளிக்கூடங்கள் மணியடித்து நடந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் ஊர் சிரித்தது, இவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்ததோடு விட்டாள், அதுதான் வினை.

அவள் புருஷன் செல்லப்பன் பேசுகிற ஆள் இல்லை. பைபர் படகு ஒன்று சொந்தமாக உண்டு. கூட வலை இழுக்க முத்துக்குமரன் என்கிற முப்பது வயதுக்காரன். ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். ராத்திரி வலை போட்டுவிட்டு விடியும்போது கரைக்கு வந்துவிடவேண்டியவர்கள். விடிந்தது, வரவில்லை. பிற்பகலுக்குமேல் காற்று வலுக்கும், கடலுக்குப் போகவேண்டாம் என்று காலையிலேயே எச்சரிக்கை வேறு வந்திருந்தது.

ஏழு பத்துக்குப் போன் அடித்தது. செல்லப்பன்தான். காற்றுச் சத்தத்துக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டது.

"ஷாப்ட் ஒடஞ்சி பூடுச்சி. அது இருந்த ஓட்ட வழியா தண்ணி ஏறுது. எறச்சிக்கினு இருக்கோம். நங்கூரம் போட்ருக்கோம், எடம் மாறாது. போன்ல சார்ஜ் இல்ல, ஜிபிஎஸ் நம்பர எழுதிக்கோ."

காலண்டர் தாளைக் கிழித்தாள். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"பதினொண்ணு, நாப்பத்தெட்டு, அஞ்சி ஒண்ணு ரெண்டு. எழுபத்தொம்போது, அம்பத்தெட்டு, மூணு சைபர் சைபர்." ஒருமுறை சொன்னான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். "எழுதிட்டியா?" என்றான். "எழுதிட்டேன்" என்றாள். லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

சிந்தாமணி அழுதுகொண்டு உட்கார்கிற ரகம் இல்லை. எல்லோரும் இடம் தேடுகிற மேப்பைத் திறந்தாள். நம்பரை எப்படிப் போடுவது? பதினொன்று, புள்ளி, மிச்சத்தைச் சேர்த்து எழுதினாள். எழுபத்தொன்பது, புள்ளி, மிச்சத்தைச் சேர்த்து எழுதினாள். சிவப்புக் குறி போய் விழுந்தது. எங்கே தெரியுமா? சேத்தியாத்தோப்புப் பக்கம், வயல்காட்டில்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலில் முழுகிக்கொண்டிருக்கிறவன் வயலில் எப்படி நிற்பான்? போன் தப்பு சொல்லாது. அந்தாளுக்குத்தான் பதற்றத்தில் வாய் குழறியிருக்கும், இல்லையென்றால் காற்றிரைச்சலில் தன் காதுதான் சரியாக வாங்கவில்லை. அம்பத்தெட்டு இல்லை, தொண்ணூத்தெட்டாக இருக்கும் என்று முடிவு கட்டினாள். ஐந்தை அழித்து ஒன்பது போட்டாள். குறி நகர்ந்து நீலத்தில், நடுக்கடலில், பரங்கிப்பேட்டைக்கு நேரே போய் நின்றது. "ஆங், இதான்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அந்தக் குறியை அப்படியே வாட்ஸப்பில் தன் தம்பி ராஜ்கமலுக்கு அனுப்பினாள், மீனவர் சங்கத்துக்கும் அனுப்பினாள். சங்கத்தார் அதையே கடலோரக் காவலுக்குத் தட்டிவிட்டார்கள்.

ராஜ்கமல் டீசல் கேன்களை ஏற்றிக்கொண்டே கேட்டான். "இவ்ளோ தெக்கையாக்கா? மாமா கெழக்கதான போனாரு?"

"ராவெல்லாம் வாட காத்து. தெக்க இழுத்திருக்கும்."

"அவரு சொன்ன நம்பர் இன்னா? குடு, ஜிபிஎஸ்ல போட்டுக்கிறேன்."

"நம்பர்லாம் தப்புதப்பா வந்துச்சி. நான் சரி பண்ணிதான் அனுப்பியிருக்கேன். லொக்கேஷன அமுக்கினு போய்க்கினே இருடா."

அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. ஏழே முக்காலுக்குப் படகு கிளம்பியது.

காத்திருப்பது என்றால் என்னவென்று கடற்கரைக்காரிகளிடம்தான் கேட்கவேண்டும். உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. முத்துக்குமரன் பெண்டாட்டி செல்வகுமாரி வந்து பக்கத்தில் நின்றாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், வயிற்றில் ஆறு மாதம். அவள் அழவில்லை. சிந்தாமணியின் புடவைத் தலைப்பை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

பத்து மணிக்கு ராஜ்கமலிடமிருந்து போன் வந்தது. "க்கா, எடத்துக்கு வந்துட்டோம். ஒண்ணுமே இல்லக்கா. வெறும் தண்ணி. சுத்தி சுத்திப் பார்த்துட்டோம்."

"நல்லா பாருடா. அங்கதான் இருப்பாங்க." சொல்லும்போதே லைன் அறுந்தது.

செல்வகுமாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எடம் சரிதானக்கா?"

"சரிதாண்டி" என்றாள் சிந்தாமணி.

அந்த ஒரு சொல் சொன்னாளே, அதற்கப்புறம் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. தலைப்பை மெல்ல விடுவித்துக்கொண்டு, வலை வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். காலண்டர் தாளை மடி மேல் விரித்தாள். அதில் அவள் கையெழுத்தில் அம்பத்தெட்டு என்றுதான் இருந்தது. இரண்டாவது தடவை அவன் சொன்னபோது ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்து, கீழே கோடும் போட்டிருந்தாள். காது தப்பாக வாங்கவில்லை, அவளுக்கே தெரிந்தது.

மைக்கை அமுக்கி நம்பரைச் சொன்னாள். கடற்கரை விடுதி வாடகைக்கு என்று நாலு படம் வந்தது. "உன் மூஞ்சி" என்று தள்ளினாள். கேட்டதற்கெல்லாம் கோர்வையாகப் பதில் எழுதிக் கொடுக்கிற செயலி ஒன்றும் வைத்திருந்தாள். கடலில் இந்த நம்பர் எந்த இடம் என்று அதில் கேட்டாள். "இந்த இடம் வங்காள விரிகுடாவில், கடலூருக்குக் கிழக்கே உள்ளது" என்று பிசிறில்லாமல் சொன்னது. உயிர் வந்ததுபோல இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு எழுத்துகூட மாற்றாமல் திரும்பக் கேட்டாள். "காரைக்காலுக்கு அருகில்" என்றது, அதே பணிவோடு.

சிந்தாமணி போனையே வெறித்துப் பார்த்தாள். இருபது வருஷம் மீன் விற்றவள். ஒரே மீனுக்கு ஒருத்தன் இரண்டு விலை சொன்னானென்றால் அவனுக்கு அந்த மீனைத் தெரியாது என்று அர்த்தம். எந்த விலையும் நம்பக்கூடாது. இது அவள் வாயைப் பார்த்துப் பேசுகிறது. அவள் கடல் என்றால் கடல் என்கிறது. காலையில் மேப்பிடமும் தான் அதைத்தானே செய்தோம் என்று உறைத்தது. குறி கடலில் விழுகிறவரைக்கும் நம்பரை மாற்றினோம், விழுந்ததும் சரி என்றுவிட்டோம்.

பதில் சொல்கிறவன் வேண்டாம், படகில் இருக்கிற ஜிபிஎஸ் பெட்டியை நிஜமாகக் கையில் வைத்து வேலை செய்கிறவனைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. வீடியோவுக்குப் போனாள். மைக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மீனவர், படகு, ஜிபிஎஸ், நம்பர் படிப்பது எப்படி. முதலில் வந்த மூன்றும் கார்க்காரர்கள் எடுத்தது, தள்ளினாள். நாலாவது, தெற்கத்திக் கடற்கரையில் எவனோ ஒரு மீனவன், ஓடுகிற படகில் உட்கார்ந்து, செல்லப்பன் வைத்திருக்கிற மாதிரியே ஒரு பெட்டியைக் கேமராவுக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தான்.

படகு ஓட ஓட எண்கள் ஓடின. கடைசி எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று போய், பூஜ்யமானது, நடு எண் ஒன்று ஏறியது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அதற்கப்புறம் அறுபது வரவில்லை. நடு எண் பூஜ்யமாகி, முதல் எண் ஒன்று கூடியது. நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் அறுபது வரவில்லை. கடிகாரம் மாதிரி, அறுபதோடு சுற்று முடிகிறது. அது நூற்றுக்கணக்கில் போகிற எண்ணே இல்லை. அப்படியானால் நடுவில் தொண்ணூத்தெட்டு என்று ஒரு எண் கடலிலேயே கிடையாது. அவள் உண்டாக்கியது.

ஐயோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடித்த கையோடு எழுந்து வீட்டுக்கு ஓடினாள். இந்தத் தடவை சரிபார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது. செல்லப்பன் மீன் கிடக்கிற இடங்களை எழுதி வைக்கிற நோட்டு பரணில் இருந்தது. முதல் பக்கத்தில் 'நம்ம கரை' என்று எழுதி, 11 51 600, 79 48 900. தினம் படகு திரும்பி வருகிற இடம். அவளுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் தெரிகிற இடம்.

காலையில் போட்டதுபோலவே புள்ளி வைத்துப் போட்டாள். குறி நெய்வேலிப் பக்கம் போய் விழுந்தது. சொந்தக் கரையையே நெய்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போகிறது! அப்புறம், டிகிரியையும் நிமிஷத்தையும் மேப்பில் எப்படிப் போடுவது என்று தேடினாள். மேப் நடத்துகிறவர்களே எழுதிவைத்த உதவிப் பக்கம் வந்தது. முழுசாகப் படித்தாள். டிகிரி, ஒரு இடைவெளி, நிமிஷம், அதற்கப்புறம்தான் புள்ளி. அப்படிப் போட்டாள். குறி நேராக வந்து அவர்கள் படகுத்துறை மணலில் விழுந்தது. பிறகு செல்லப்பன் சொன்னதைப் போட்டாள். குறி விழுந்த இடம் கடல், கரையிலிருந்து கிழக்கே கொஞ்சம் தெற்கில், ஒரு மணி நேர ஓட்டம். பரங்கிப்பேட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை.

மணி பத்தே முக்கால். ராஜ்கமலுக்கு அடித்தாள், போகவில்லை. கரையில் தயாராக இருந்த ஒரே படகு இன்னாசிமுத்துவுடையது. அரை மணிக்கு முன்னால்தான் வந்திருந்தார். கோபக்காரர். அவர் படகைச் சுற்றி ஊரே கூடி நின்று, அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தது. சிந்தாமணி மூச்சிரைக்கப் போய் நின்றாள்.

"அண்ணே, எடம் தெரிஞ்சிபோச்சி. லொக்கேஷன் அனுப்பறேன், ஒடனே போவணும்."

"இன்னொரு லொக்கேஷனா?" இன்னாசிமுத்து வலையை உதறிக்கொண்டே சொன்னார். "மொத லொக்கேஷனுக்கே ராஜ்கமல் பரங்கிப்பேட்ட வரைக்கும் பூட்டான். காத்து ஏறிக்கினு இருக்குது. நீ போன்ல பாத்துப் பாத்து சொல்லுவ, நாங்க ஊரு ஊரா அலையணுமா?"

அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு வழி இருந்தது. போன் ஏமாற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அப்படிச் சொன்னால், இப்போது காட்டுகிற இடமும் போன் காட்டுகிற இடம்தானே, அதை எவன் நம்பிக் கடலில் இறங்குவான்? செல்வகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"லொக்கேஷன் வேணாம்ண்ணே" என்றாள் சிந்தாமணி. காலண்டர் தாளை நீட்டினாள். "இது அவரு வாயால சொன்ன நம்பர். ரெண்டு தடவ சொன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. நான்தான் அம்பத்தெட்ட தொண்ணூத்தெட்டா மாத்தி அனுப்பிச்சிட்டேன்."

"தொண்ணூத்தெட்டா?" இன்னாசிமுத்து தாளைப் பிடுங்கினார். "கடல்ல எங்கம்மா கீது தொண்ணூத்தெட்டு? எழுபத்தொம்போதுல அம்பத்தொம்போது முடிஞ்சா அடுத்தது எம்பதுதான். கைப்புள்ளைக்குத் தெரியும். காலையிலயே இந்தத் தாள குடுத்திருந்தா..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். தன் ஜிபிஎஸ்ஸை எடுத்து, தாளில் இருந்ததை இருந்தபடியே அடித்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை. "ஏறுங்கடா" என்றார்.

படகு அலையை உடைத்துக்கொண்டு போனது. சங்கத்தார் கடலோரக் காவலுக்குப் பழைய இடம் தப்பு என்று சொல்லி, தாளைப் படமெடுத்து அனுப்பினார்கள். யாரும் சிந்தாமணியைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். செல்வகுமாரி இந்த முறை பக்கத்தில் வரவில்லை. பத்தடி தள்ளி, கடலைப் பார்த்து நின்றாள். தலைப்பைப் பிடித்திருந்த அந்தக் கை இப்போது வயிற்றின் மேல் இருந்தது. சிந்தாமணி அந்தப் பக்கம் திரும்பத் துணியவில்லை. ஏழு பத்திலிருந்து பதினொன்று வரைக்கும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், கையால் தண்ணீர் இறைத்தால் ஒரு ஆம்பளைக்கு எவ்வளவு நேரம் தோள் தாங்கும் என்று மட்டும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. போனைத் தொடவில்லை. அதனிடம் கேட்க ஒன்றும் இல்லை.

பன்னிரண்டேகாலுக்குச் சங்கத்துக்காரர் போன் அடித்தது. அவர் காதில் வைத்து "ம், ம்" என்றார். பிறகு கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டினார். இரண்டு பேரும் இருக்கிறார்கள். செல்வகுமாரி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரை மணிக்குப் படகு கரை தட்டியது. செல்லப்பனின் படகு அதோடு வரவில்லை. இன்னாசிமுத்து போனபோது அது விளிம்புவரை முங்கியிருந்ததாம், இவர்கள் இருவரும் காலி டீசல் கேன்களை இடுப்பில் கட்டிக்கொண்டு நங்கூரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்களாம். முத்துக்குமரனைத் தூக்கித்தான் இறக்கினார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து சதை தெரிந்தது. செல்வகுமாரி போய் அவனைக் கட்டிக்கொண்டபோது, அவனால் கையை மடக்கி அவளைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

செல்லப்பன் தானே இறங்கினான். இரண்டு அடி வைத்தான், முட்டி மடங்கியது. சிந்தாமணி தாங்கிக்கொண்டாள். உதடு உப்பில் வெடித்திருந்தது. ஊர் முழுக்கச் சுற்றி நின்று ஏதேதோ கேட்டது. அவன் பெண்டாட்டி முகத்தைத்தான் தேடினான்.

"நான் நம்பர தப்பா சொல்லிட்டனா?" என்றான். குரல் எழும்பவில்லை. "எட்டு மணிக்குள்ள வந்துருவாங்கன்னு முத்துக்குமரன்கிட்ட சொன்னேன். ஒம்போதாச்சி, பத்தாச்சி, ஒருத்தரும் வரல. நீதான்யா தப்பா சொல்லி என்ன சாவடிக்கிறன்னு அவன் அழுவுறான். ஆமாண்டா, நான்தான் பதட்டத்துல மாத்திச் சொல்லியிருப்பேன், மன்னிச்சிக்கோன்னு அவன் கால புடிச்சேன். நான் இன்னா சொன்னேன், சிந்தாமணி?"

அவள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள், முத்துக்குமரன் காதிலும் விழுகிற மாதிரி.

"நீ ரெண்டு தடவையும் சரியாத்தான்யா சொன்ன. நான்தான் உன்ன நம்பல."

செல்லப்பன் திட்டுவான், கையை உதறிவிட்டுப் போவான் என்று எதற்கும் தயாராகத்தான் அவள் நின்றாள். அவன் முத்துக்குமரன் பக்கம் திரும்பினான்.

"கேட்டியாடா? நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான்.